இரண்டு தண்ணீர், இரண்டு தொட்டி

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கிராமங்களில் பல வீடுகளுக்கு இரண்டு தண்ணீர் உண்டு. காவிரியில் எடுத்து, சுத்திகரித்து, குழாய் வழியே வருவது ஒகேனக்கல் தண்ணீர். பஞ்சாயத்து ஆழ்துளைக் கிணற்றிலிருந்தோ சொந்தக் கிணற்றிலிருந்தோ வருவது போர்த் தண்ணீர். முதலாவது இங்கே வந்ததற்குக் காரணமே இரண்டாவதுதான். இந்தப் பக்கத்துப் பாறைகளில் ஃப்ளோரைடு அதிகம். பாறை இடுக்கில் தங்கும் தண்ணீரில் அது கரைந்து வருகிறது. எட்டு வயதுக்குள் அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்கிற பிள்ளைகளுக்கு முளைக்கும் நிலைப்பற்களிலேயே பழுப்புக் கறை ஏறிவிடும். எந்தப் பற்பசை தேய்த்தாலும் போகாது. பல வருடம் குடித்தவர்களுக்கு மூட்டும் முதுகும் இறுகி, குனிந்து நிமிர முடியாமல் போகிறது. இதைத் தடுக்கத்தான் ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கட்டப்பட்டு 2013இல் நடைமுறைக்கு வந்தது.

அவ்வளவு தொலைவு குழாய் போட்டுக் கொண்டுவந்த தண்ணீர், வீட்டு மாடியில் இருக்கும் ஒரே ஒரு கறுப்புத் தொட்டியில் போர்த் தண்ணீரோடு கலந்துவிடுகிறது. இந்த அத்தியாயத்தில் தொட்டி வாங்குவது, வைப்பது, கழுவுவது எல்லாம் வருகின்றன. அவற்றுக்கெல்லாம் அடியில் இரண்டே விதிதான்: குடிக்கும் தண்ணீரும் புழங்கும் தண்ணீரும் ஒரே தொட்டியில் சேரக்கூடாது, எந்தத் தண்ணீரும் தொட்டிக்குள் பழசாகக் கூடாது.

கலந்தால் என்ன ஆகும்

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் போர்த் தண்ணீரில் லிட்டருக்கு 3 மில்லிகிராம் ஃப்ளோரைடு இருக்கிறது, குழாய்த் தண்ணீரில் அரை மில்லிகிராம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாதிக்குப் பாதி கலந்தால் 1.75. இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் 1 மில்லிகிராம்தான் இருக்கலாம். வேறு தண்ணீருக்கு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். ஆக, நல்ல தண்ணீர் பாதி இருந்தும் அந்தத் தொட்டித் தண்ணீர் குடிக்க லாயக்கில்லாதது. நாக்குக்கு இது தெரியாது. ஃப்ளோரைடுக்கு ருசியும் இல்லை, வாடையும் இல்லை, நிறமும் இல்லை. போர்த் தண்ணீர் பளிங்காக இருக்கிறது, பருப்பும் வேகிறது, அதனால் நல்ல தண்ணீர் என்று முடிவு செய்வது இந்த மாவட்டங்களில் ஆபத்தான பழக்கம்.

கொதிக்கவைத்தால் போய்விடும் என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். கொதிக்கவைத்தால் கிருமி சாகும். ஃப்ளோரைடு அப்படியே இருக்கும். சொல்லப்போனால் தண்ணீர் ஆவியாகி அளவு குறைவதால் கொஞ்சம் அடர்த்தி கூடவே செய்யும். பிளீச்சிங் பவுடருக்கும் அதை எடுக்கும் சக்தி கிடையாது. உங்கள் போர்த் தண்ணீரில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிய ஒரே வழி பரிசோதனைதான். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகம் மாவட்டத் தலைநகரில் உண்டு. சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் ஒரு லிட்டர் பிடித்துக் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். ஒரு முறை தெரிந்துகொண்டால் எந்தத் தண்ணீர் எந்தத் தொட்டிக்கு என்கிற கேள்வி முடிந்துவிடும்.

ராமநாதபுரம் பக்கத்தில் இதே பிரச்சினை உப்பு வடிவத்தில் இருக்கிறது. அங்கே கலந்தால் நாக்கே சொல்லிவிடும் என்பதால் யாரும் கலப்பதில்லை. இங்கே நாக்கு சொல்லாததால்தான் தொட்டியைப் பிரித்துவைக்க வேண்டியிருக்கிறது.

எத்தனை லிட்டர்

நல்ல தண்ணீருக்குத்தான் பெரிய தொட்டி வேண்டும் என்று கடையில் பெரியதாக வாங்குகிறோம். கணக்கு நேர்மாறாக இருக்கிறது. ஒரு ஆளுக்குக் குடிக்கவும் சமைக்கவும் ஒரு நாளைக்கு ஆறேழு லிட்டர் போதும். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 35 லிட்டர். ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் வருகிற ஊரில் 70 லிட்டர் இருந்தால் சமாளிக்கலாம். பைப் உடைந்து நாலு நாள் வராவிட்டால் 140. ஆக, 200 லிட்டர் தொட்டி ஒன்று குடிநீருக்குத் தாராளம். அதுவே 1000 லிட்டராக இருந்தால் ஒரு முறை நிரப்பிய தண்ணீர் தீர நான்கு வாரம் ஆகும். அதற்குள் குளோரின் சுத்தமாகப் பறந்துவிடும், அடியில் வண்டல் தங்கும், மூடி ஒரு நாள் சரியாக இல்லாவிட்டாலும் கொசு முட்டையிட்டுவிடும்.

புழங்கும் தண்ணீர்க் கணக்கு வேறு. 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று இலக்கு வைத்திருக்கிறது. ஐந்து பேருக்கு 275. குளியல், பாத்திரம், துணி, கழிப்பறை எல்லாம் சேர்த்து இது கிட்டத்தட்ட சரியாக வரும். அந்த அளவு குழாயில் முழுசாக வருகிற ஊரில் எல்லாவற்றுக்கும் அதையே பயன்படுத்தலாம். அப்போதும் குடிநீரைத் தனியாகப் பிடித்து வையுங்கள். அந்த அளவு வராத ஊரில் புழக்கத்துக்கு போர்த் தண்ணீர் 500 லிட்டரோ 750 லிட்டரோ மேலே ஏற்றிவைத்தால் போதும். சொந்த மோட்டார் இருந்து, தினமும் கரண்ட் வருகிற வீட்டுக்கு 2000 லிட்டர் தொட்டி வீண் செலவு.

மாடு இருக்கிற வீடுகளில் இந்தக் கணக்கு மாறும். கறவை மாடு ஒன்று வெயில் காலத்தில் 50, 60 லிட்டர்கூடக் குடிக்கும். அதற்குத் தனி சிமெண்ட் தொட்டி தரையில் இருக்கட்டும். மாட்டுத் தொட்டியில் முக்கிய வாளியை வீட்டுத் தொட்டியில் முக்காதீர்கள்.

கையில் இருக்கும் பழைய சிமெண்ட் தொட்டி எத்தனை லிட்டர் என்று தெரியாவிட்டால் டேப் வைத்து உள்ளளவு பாருங்கள். சதுரத் தொட்டி என்றால் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடிக்கணக்கில் பெருக்கி 28.3ஆல் பெருக்க வேண்டும். 4 அடிக்கு 3 அடி, உயரம் 3 அடி என்றால் 1,019 லிட்டர். உறை இறக்கிக் கட்டிய வட்டத் தொட்டிக்குக் குறுக்களவை அதே எண்ணால் பெருக்கி, உயரத்தால் பெருக்கி, 0.785ஆல் பெருக்கி, கடைசியாக 28.3. மூன்றடி குறுக்களவும் நாலடி உயரமும் உள்ள உறைத் தொட்டி சரியாக 800 லிட்டர். இந்த எண்ணைத் தொட்டியின் மேலேயே பெயிண்டில் எழுதிவிடுங்கள். பிளீச்சிங் பவுடர் போடும்போது வேண்டியிருக்கும்.

தொட்டியும் அது நிற்கும் இடமும்

குடிநீருக்கு மூடியும் குழாயும் உள்ள எவர்சில்வர் டிரம்மோ, உணவுக்கு ஏற்ற பிளாஸ்டிக்கில் செய்த சின்னத் தொட்டியோ நல்லது. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் நீல நிற டிரம்மை மட்டும் குடிநீருக்கு வாங்காதீர்கள். அதில் முன்பு என்ன ரசாயனம் வந்தது என்று விற்கிறவருக்கே தெரிந்திருக்காது. பிளாஸ்டிக் சுவரில் ஊறியது எத்தனை முறை கழுவினாலும் முழுசாகப் போகாது. பூச்சிமருந்து வந்த கேனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதைச் செடிக்கு ஊற்றும் தண்ணீருக்குக்கூட வைக்கக்கூடாது.

புழக்கத் தொட்டி கறுப்பாக இருப்பதில் காரணம் இருக்கிறது. வெளிச்சம் உள்ளே போகாவிட்டால் பாசி பிடிக்காது. வெள்ளையாக, உள்ளே தண்ணீர் மட்டம் நிழலாகத் தெரிகிற தொட்டி என்றால் வெயில் படாத இடத்தில் வையுங்கள், அல்லது தென்னங்கீற்று மறைப்புக் கட்டுங்கள்.

1000 லிட்டர் தண்ணீர் என்றால் ஒரு டன் எடை. மாடியில் வைக்கும்போது தளத்தின் நடுவில் வைக்காமல் கீழே சுவர் வருகிற இடத்தில் வையுங்கள். பிளாஸ்டிக் தொட்டியின் அடிப்பாகம் முழுவதும் சமமான தளத்தில் உட்கார வேண்டும். நான்கு செங்கல்லை மூலைக்கு ஒன்றாக வைத்து அதன்மேல் தூக்கி வைத்தால், கொஞ்ச நாளில் செங்கல் இல்லாத இடத்தில் அடி தொங்கி விரிசல் விடும். கம்பி ஸ்டாண்டு என்றால் மேலே முழு இரும்புத் தகடோ சிமெண்ட் பலகையோ போட்டாக வேண்டும். ஓட்டு வீடு, சீட்டு வீடு என்றால் கூரையை நம்பாமல் பக்கத்தில் தனித் தூண் கட்டுங்கள். பத்தடி உயரம் இருந்தாலே சமையலறைக் குழாய்க்கும் குளியலறைக் குழாய்க்கும் தண்ணீர் இறங்கும். ஷவர் வேகமாக வரவேண்டும் என்றால்தான் இன்னும் உயரம் வேண்டும்.

புதிதாகக் கட்டிய சிமெண்ட் தொட்டியை உடனே குடிநீருக்குப் பயன்படுத்தாதீர்கள். நன்றாக க்யூரிங் ஆன பிறகு நிரப்பி, இரண்டு மூன்று நாள் வைத்து, கொட்டிவிட்டு, மறுபடி நிரப்பி மறுபடி கொட்டுங்கள். சிமெண்டின் சுண்ணாம்பு அந்தத் தண்ணீரில் இறங்கிவிடும். மேஸ்திரியிடம் முன்கூட்டியே ஒன்று சொல்லிவையுங்கள்: உள் மூலைகளைக் கூராக விடாமல் வளைத்துப் பூசச் சொல்லுங்கள். கூரான மூலையில் துடைப்பம் போகாது, அழுக்கு அங்கேதான் தங்கும்.

நான்கு குழாய்

நல்ல தொட்டிக்கு நான்கு வழி வேண்டும். உள்ளே வரும் குழாய் தண்ணீர் மட்டத்துக்கு மேலே முடிய வேண்டும். அது தண்ணீருக்குள் முங்கியிருந்தால், சப்ளை நின்றதும் தொட்டித் தண்ணீர் பைப்புக்குத் திரும்பி இழுபடும். டியூபை நேராகத் தொட்டிக்குள் போட்டு நிரப்புகிற வீடுகளில் இது அடிக்கடி நடக்கிறது. வெளியே போகும் குழாய் அடியிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் மேலே இருந்தால் வண்டல் குழாயில் வராது. வழிந்தோடும் குழாய் உள்ளே வரும் குழாயைவிடப் பெரியதாக இருந்தால்தான் மோட்டாரை மறந்தாலும் மூடியைத் தூக்கிக்கொண்டு வழியாது. அதன் வாயில் கொசுவலை கட்டியிருக்க வேண்டும். நான்காவது, அடியோடு அடியாக ஒரு கழுவு குழாய், ஒரு கேட் வால்வோடு. பிளம்பர்கள் இதைப் பெரும்பாலும் வைப்பதில்லை. நீங்கள் கேட்டு வாங்க வேண்டும். இது இல்லாத தொட்டியைக் கழுவவே மனசு வராது, ஏனென்றால் கடைசி நாலு குடம் தண்ணீரைக் குவளையால் மொண்டுதான் வெளியேற்ற வேண்டியிருக்கும்.

டேங்க் நிப்பிளுக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு பக்கமும் ரப்பர் வாஷர் போடச் சொல்லுங்கள். பிறகு அந்தப் பைப்பின் எடை தொட்டிச் சுவரில் தொங்காமல் சுவரில் கிளாம்ப் அடியுங்கள். தொட்டி ஒழுகுகிறது என்று கூப்பிடுகிற இடங்களில் பாதிக்குமேல் ஒழுக்கு நிப்பிளில்தான் இருக்கும். வெளியே எம்-சீல் அப்பினால் நாலு நாள் நிற்கும். வாஷரை மாற்றுவதுதான் மருந்து. எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால் ராத்திரி எல்லா வால்வையும் அடைத்து, தண்ணீர் மட்டத்தில் உள்ளே ஒரு கோடு போட்டு வைத்து, விடிந்ததும் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் தொட்டியில் ஒழுக்கு. இறங்கவில்லை என்றால் வீட்டுக்குள் ஏதோ குழாயில்.

பைப்பில் மோட்டார் வைக்காதீர்கள்

குழாயில் தண்ணீர் மெதுவாக வருகிறது என்று தெருப் பைப்பிலேயே நேராக மோட்டாரைப் பொருத்தி இழுப்பது பல ஊர்களில் இருக்கிறது. சட்டப்படி தவறு, பஞ்சாயத்து இணைப்பைத் துண்டிக்கலாம். பக்கத்து வீட்டுக்காரருக்கு வராது என்பது எல்லாருக்கும் தெரிந்த காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. பைப்புக்குள் அழுத்தம் இருக்கும்வரை ஓட்டை இருந்தாலும் தண்ணீர் வெளியேதான் கசியும். மோட்டார் இழுக்கும்போது அழுத்தம் தலைகீழாகி, அதே ஓட்டை வழியாகச் சாக்கடைத் தண்ணீர் உள்ளே போகும். அது முதலில் வருவது இழுக்கிற வீட்டுத் தொட்டிக்குத்தான். தண்ணீர் குறைவாக வருகிற இடத்தில் குழி தோண்டி அதற்குள் குழாயைத் தாழ்த்தி வைப்பதும் இதே கதைதான். மழை பெய்தால் அந்தக் குழியில் தெருத்தண்ணீர் நிற்கும், குழாய் வாய் அதில் முங்கும். குழாயைத் தரைக்கு மேலே வையுங்கள். குறைவாக வந்தால் பஞ்சாயத்துத் தொட்டி இயக்குபவரிடம் சொல்லுங்கள். மேட்டுத் தெருவுக்குத் தனியாக ஒரு வால்வு வைத்து முறைவிட்டுத் திறப்பதே தீர்வு.

கழுவுவது

பஞ்சாயத்தின் மேல்நிலைத் தொட்டியில் கழுவிய நாளும் அடுத்துக் கழுவ வேண்டிய நாளும் பெயிண்டில் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வீட்டுத் தொட்டிக்கும் அதையே செய்யுங்கள். குடிநீர் டிரம்மை வாரம் ஒரு முறை, புழக்கத் தொட்டியை மூன்று மாதத்துக்கு ஒரு முறை. மழைக்காலம் தொடங்கும் முன் கட்டாயம் ஒரு முறை.

தண்ணீர் வருகிற நாளுக்கு முந்தின சாயங்காலம் கழுவுவதாக வைத்துக்கொண்டால் தண்ணீரும் வீணாகாது, மறுநாளே நிரப்பிவிடலாம். இரண்டு நாள் முன்பே தொட்டியை நிரப்புவதை நிறுத்திவிட்டால் மட்டம் தானாக இறங்கும். அரை அடி மிச்சம் இருக்கும்போது மோட்டார் மெயினை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

மூடியைத் திறந்ததும் கையை உள்ளே விட்டு, தண்ணீர் மட்டம் வழக்கமாக நிற்கும் இடத்தில் சுவரை விரலால் வழித்துப் பாருங்கள். வழவழப்பாக, சளிபோல ஒரு படலம் விரலோடு வரும். எவ்வளவு தெளிவான தண்ணீர் ஊற்றினாலும் இது உருவாகும். கிருமிகள் இந்தப் படலத்துக்குள் பத்திரமாக உட்கார்ந்திருப்பதால், தண்ணீரை மட்டும் மாற்றினால் தொட்டி சுத்தமாகாது. இதைத் தேய்த்து எடுப்பதுதான் கழுவுவதன் முழு வேலை. பிளாஸ்டிக் தொட்டிக்கு நைலான் பிரஷ் நீளக் கம்பில் கட்டிக்கொள்ளுங்கள். கம்பி பிரஷ் வேண்டாம், அது போடும் கீறலில்தான் அடுத்த படலம் பிடிக்கும். சிமெண்ட் தொட்டிக்குத் தேங்காய் நார் நன்றாகவே போதும். சோப்புத் தூளோ, கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட்டோ எந்தத் தொட்டிக்கும் வேண்டாம்.

தேய்க்கும் வரிசை: மூடியின் உள்பக்கம், பிறகு சுவரின் மேற்பகுதி, கீழ்ப்பகுதி, கடைசியில் அடி. மிச்சமிருந்த அரை அடித் தண்ணீரிலேயே தேய்த்து, கழுவு குழாயைத் திறந்து வண்டலோடு வெளியேற்றுங்கள். இரண்டு முறை நல்ல தண்ணீர் விட்டு அலசுங்கள். பிறகு பத்து லிட்டர் பிளாஸ்டிக் வாளித் தண்ணீரில் நாலைந்து டீஸ்பூன் பிளீச்சிங் பவுடர் கரைத்து, தெளிந்த தண்ணீரில் துணி சுற்றிய கம்பை நனைத்து உள்சுவர் முழுவதும் தடவுங்கள். அரை மணி நேரம் விட்டு அலசிக் கொட்டுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கண்ணில் தெறிக்காமல் பாருங்கள். பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் ஒரே இடத்தில் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய தொட்டிக்குள் அது உயிரை வாங்கக்கூடியது. முன்பு யாராவது ஆசிட் ஊற்றிக் கழுவியிருந்தால் நிறையத் தண்ணீர் விட்டு அலசாமல் பிளீச்சிங் பக்கமே போகாதீர்கள்.

நிரப்புவதற்கு முன் வழிந்தோடும் குழாயின் வலையைப் பாருங்கள். கிழிந்திருந்தால் பழைய கொசுவலைத் துண்டு ஒன்று, ட்யூப் ரப்பரால் இறுக்கிக் கட்டினால் ஆயிற்று. சுத்தம் செய்த தேதியைத் தொட்டிமேல் எழுதுங்கள்.

பிளீச்சிங் பவுடர் அளவு

குழாயில் வரும் தண்ணீருக்கு மேல்நிலைத் தொட்டியிலேயே குளோரின் போடுகிறார்கள். குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் மிச்சம் இருக்க வேண்டும் என்பது தரம். லேசான பிளீச்சிங் வாடை வந்தால் திட்டாதீர்கள், அது நல்ல அறிகுறி. வாடை பிடிக்காவிட்டால் குடத்தில் பிடித்து, துணி மூடி, சில மணி நேரம் வைத்தால் போய்விடும். அன்றைக்கோ மறுநாளோ குடித்துத் தீர்க்கிற தண்ணீருக்கு நீங்கள் எதுவும் சேர்க்க வேண்டியதில்லை.

இரண்டு மூன்று நாளுக்கு மேல் நிற்கும் தண்ணீருக்கும், கிணற்றுத் தண்ணீருக்கும்தான் வீட்டில் போட வேண்டும். 1000 லிட்டருக்கு 4 கிராம். தலை வழித்த ஒரு டீஸ்பூன் ஏறத்தாழ அவ்வளவு வரும். பவுடரை நேராகத் தொட்டியில் கொட்டினால் சுண்ணாம்பு அடியில் தங்கும். பிளாஸ்டிக் மக்கில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, பிறகு மக் நிறையத் தண்ணீர் சேர்த்து, பத்து நிமிடம் தெளியவிட்டு, மேலே நிற்கும் தண்ணீரை மட்டும் தொட்டியில் ஊற்றிக் கலக்குங்கள். அரை மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். பாக்கெட்டைப் பிரித்து வைத்த பவுடர் நாளாக ஆக வீரியம் இழக்கும், வெயிலும் ஈரமும் பட்டால் இன்னும் வேகமாக. அதனால் சின்னப் பாக்கெட்டாக வாங்கி, இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில், பிள்ளைகள் கைக்கு எட்டாத நிழலில் வையுங்கள். திறந்ததும் மூக்கில் ஏறாத பவுடர் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கத்தான் ஆகும்.

மழை வெள்ளம் தரைத் தொட்டிக்குள் புகுந்துவிட்டால் இந்த அளவு போதாது. வெளியேற்றி, தேய்த்துக் கழுவிய பிறகு நிரப்பி, 1000 லிட்டருக்கு சுமார் 170 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றுங்கள். எல்லாக் குழாயையும் வாடை வரும்வரை திறந்து மூடி, ஒரு ராத்திரி முழுக்க விடுங்கள். மறுநாள் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் நிரப்புங்கள். கொட்டும் தண்ணீர் செடியிலோ மீன் உள்ள குட்டையிலோ போகக்கூடாது.

கொசு

டெங்கு கொசு சாக்கடையில் முட்டையிடாது. நீங்கள் குடிக்கிற நல்ல தண்ணீர்தான் அதற்கும் வேண்டும். முட்டையைத் தண்ணீரில் போடாமல், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஈரச் சுவரில் ஒட்டிவைக்கும். கண்ணுக்கு மிளகுத் தூள் தூவியதுபோலக்கூடத் தெரியாது. தொட்டியைக் காலி செய்து வெயிலில் போட்டாலும் அந்த முட்டைகள் மாதக்கணக்கில் காய்ந்தே உயிரோடு இருக்கும், மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும். அதனால்தான் குடிநீர் டிரம்மையும் வாய் திறந்த தொட்டிகளையும் வாரம் ஒரு முறை காலி செய்தால் மட்டும் போதாது, தேய்க்கவும் வேண்டும் என்கிறோம். முட்டை பொரிந்து கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் ஆகும். வாரம் ஒரு முறை என்பதற்குக் காரணம் அதுதான்.

டார்ச் அடித்துப் பாருங்கள். புழு இருந்தால் தலைகீழாக, வால் நுனியைத் தண்ணீர்ப் பரப்பில் ஒட்டிக்கொண்டு தொங்கும். வெளிச்சமோ நிழலோ பட்டதும் நெளிந்து நெளிந்து அடிக்குப் போகும், கொஞ்ச நேரத்தில் மூச்சுக்கு மேலே வரும். ஒன்று தெரிந்தாலும் முழுத் தொட்டியையும் கழுவுங்கள்.

கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர்கள் வீட்டுக்கு வந்தால் மாடிக்கு ஏற விடுங்கள். அவர்கள் ஊற்றும் அபேட் மருந்து, அளவோடு போட்டால் புழக்கத் தண்ணீருக்குத் தீங்கில்லை. மூடமுடியாத மாட்டுத் தொட்டி, கிணறு இவற்றுக்கு கம்பூசியா மீன் கேட்டு வாங்கி விடலாம். மாடித் தொட்டிக்கோ மூடிதான் எல்லாம். காற்று அடிக்கிற ஆடி மாதத்தில் மூடி பறந்துபோய்ப் பக்கத்துக் காட்டில் கிடப்பது சாதாரணம். மூடியின் கைப்பிடியில் ஓட்டை போட்டு, கம்பியால் தொட்டியோடு கட்டிவிடுங்கள். கல் வைப்பது போதாது. கல்லை எடுத்துப் பார்த்தவர் திரும்ப வைக்க மறந்துவிடுவார்.

சம்பு: இறங்குவதற்கு முன்

தரைக்கடியில் கட்டிய சம்பின் வாய் தரையைவிடக் குறைந்தது அரை அடி உயரமாக இருக்க வேண்டும். கழிப்பறைக் குழியிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அவ்வளவு நல்லது. நிலம் சரிவாக இருந்தால் சம்பு மேட்டுப் பக்கம். சம்பில் விரிசல் இருந்தால், நிறைந்திருக்கும்போது தண்ணீர் வெளியே போகும். காலியாக இருக்கும்போது மண்ணின் ஈரம், அதோடு கழிவு நீரும், உள்ளே வரும். அதனால் சம்புத் தண்ணீரைக் குடிநீர்த் தொட்டிக்கு ஏற்றாதீர்கள்.

இனி சொல்வதை வீட்டில் எல்லாரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். நாளாக மூடிக்கிடந்த சம்பில் மூச்சுக்கான காற்று இல்லாமல் போகலாம். புதிதாகக் கட்டிய சம்பில் சென்ட்ரிங் பலகை பிரிக்க இறங்குகிறபோதும் அதே ஆபத்து; ஈரப் பலகை உள்ளேயே மக்கி ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். இறங்கியவர் சத்தம்கூட இல்லாமல் மயங்கி விழுவார். அவரைத் தூக்க அடுத்தவர் இறங்குவார். அவரும் விழுவார். தமிழ்நாட்டில் சம்பிலும் கழிவுத்தொட்டியிலும் இப்படி ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேர் போன செய்திகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன.

சின்னச் சம்பை மேலிருந்தே நீளக் கம்பால் கழுவுங்கள். இறங்கியே ஆகவேண்டும் என்றால் மூடியை முந்தின நாளே முழுக்கத் திறந்து போடுங்கள், வெளியிலிருந்து மின்விசிறியால் காற்று அடியுங்கள், மோட்டார் மெயினையும் ஃபியூஸையும் எடுத்துவிடுங்கள். இறங்குகிறவர் இடுப்பில் கயிறு, மேலே அதைப் பிடித்து இரண்டு ஆள். உள்ளே பெட்ரோல் மோட்டாரோ ஜெனரேட்டரோ வைக்கவே கூடாது. உள்ளே இருப்பவர் தடுமாறினால் கயிற்றால் இழுங்கள், 108க்கு அழையுங்கள். யாரும் இறங்காதீர்கள்.

மழைத் தண்ணீர்

மழைத் தண்ணீரில் ஃப்ளோரைடு கிடையாது. இந்த மாவட்டங்களில் அதை நிலத்துக்குள் மட்டும் விடாமல் தொட்டியிலும் பிடிப்பது குடிநீருக்குப் பெரிய உதவி. கணக்கு சுலபம்: ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 50 சதுர மீட்டர் கூரையில் 20 மில்லிமீட்டர் மழை 1000 லிட்டர். சிந்தியது போக 800 கைக்கு வரும். முதல் மழையின் முதல் 100 லிட்டரைத் திருப்பிவிடுங்கள், பறவை எச்சமும் தூசியும் அதில்தான் வரும். கல்நார் சீட்டுக் கூரைத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். பிடித்த தண்ணீருக்கு மேலே சொன்ன அளவில் பிளீச்சிங் போட்டு, இருட்டில் மூடி வையுங்கள்.

வீட்டைப் பூட்டிப் போகும்போது

இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் கட்டட வேலைக்குப் பெங்களூருக்கும் மில் வேலைக்குத் திருப்பூருக்கும் மாதக்கணக்கில் போய்விடுகின்றன. பூட்டிய வீட்டின் நிறைந்த தொட்டி, தெருவுக்கே கொசு வளர்க்கும் இடமாகிவிடும். கிளம்புமுன் கழுவு குழாயைத் திறந்து தொட்டியை முழுக்கக் காலி செய்து, வால்வைத் திறந்தபடியே விடுங்கள். குழாய் வாயில் வலை கட்டுங்கள். டிரம், குடம், அண்டா எல்லாவற்றையும் கவிழ்த்து வையுங்கள். மோட்டார் ஃபியூஸை எடுத்துவிடுங்கள். சாவி கொடுத்து வைக்கிற பக்கத்து வீட்டாரிடம், "அக்கா, மழை பெஞ்சா மாடில ஒரு எட்டு பாத்துருங்க, எதுலயாச்சும் தண்ணி நின்னா கொட்டிருங்க" என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

திரும்பி வந்த அன்று முதலில் குழாயைத் திறந்து ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். பைப்புக்குள் இத்தனை நாள் நின்ற தண்ணீர் அது. தொட்டியைத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பிய பிறகு உலை வையுங்கள். அதுவரைக்கும் குடிக்க ஒரு குடம் நல்ல தண்ணீர் பக்கத்து வீட்டில் வாங்கிக்கொள்ளலாம்.